ஆப் செய்துதர ஆள் தேடுகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நான் டியூஷன் நடத்துகிறேன். கால அட்டவணை, வருகைப் பதிவு, பாட வீடியோ, கட்டண ரசீது எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று ஒரு மொபைல் ஆப்பும் வெப்சைட்டும் செய்துதரும் வேலையை ஒரு மென்பொருள் நிறுவனத்திடம் கொடுத்தேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயர் தெரிந்து ஒன்றை மட்டும் தவிர்ப்பதைவிட, எப்படி ஏமாந்தேன் என்று தெரிந்துகொள்வது உங்களுக்கு அதிகம் உதவும்.

முதல் சந்திப்பில் லேப்டாப்பைத் திறந்து வரிசையாக ஆப்களைக் காட்டினார்கள். மருத்துவமனை, டெலிவரி, பள்ளி என்று ஒவ்வொன்றும் அழகாக இருந்தது. "எல்லாம் நாங்க செஞ்சதுதான் மேடம், உங்களுக்கு நேட்டிவா பண்ணித் தர்றோம், ஆண்ட்ராய்டுக்கு தனி, ஐஃபோனுக்கு தனி" என்றார்கள். நேட்டிவ் என்றால் அந்தந்த வகை ஃபோனுக்கென்றே தனியாக எழுதப்படும் ஆப். கொட்டேஷனிலும் இரண்டுக்கும் தனித்தனியாகத் தொகை போட்டிருந்தார்கள். அந்த ஆப்களை ஸ்டோரில் தேடி, டெவலப்பர் பெயரைப் பார்த்து, ஒரு உரிமையாளரிடமாவது பேசியிருக்க வேண்டும். பல மாதம் கழித்துத்தான் பேசினேன். அவருடைய ஆப்பை வேறு யாரோ செய்திருக்கிறார்கள். இவர்கள் செய்து கொடுத்தது லோகோ மட்டும்.

மூன்றே வாரத்தில் டெமோ வந்தது. அவ்வளவு வேகமாக வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான், சந்தேகமே வரவில்லை. மீதிப் பணத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டேன். பிளே ஸ்டோரில் ஆப் வந்தது, பெற்றோர்கள் இறக்கிக்கொண்டார்கள்.

ஒரு நாள் மாலை ஒரு மாணவனின் அம்மா ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். ரயிலில் போகும்போது நெட் போய்விட்டதாம். வெள்ளைத் திரையில் 'வெப்பேஜ் நாட் அவெய்லபிள்' என்று இருந்தது, கீழே ஒரு இணைய முகவரி. அது என் டொமைன் (இணைய முகவரியில் வரும் பெயர்) இல்லை, அந்த நிறுவனத்தின் டொமைன். எனக்கு ஒன்றும் புரியாமல், இப்போது புரோகிராமராக இருக்கும் என் பழைய மாணவன் ஒருவனிடம் காட்டினேன். அவன் தன் ஃபோனில் டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குப் போய் 'ஷோ லேஅவுட் பவுண்ட்ஸ்' என்பதை ஆன் செய்தான். அவனுடைய வங்கி ஆப்பைத் திறந்தான். ஒவ்வொரு பட்டன், ஒவ்வொரு வரியைச் சுற்றியும் மெல்லிய கோட்டில் கட்டங்கள் விழுந்தன. என் ஆப்பைத் திறந்தான். திரை முழுவதற்கும் ஒரே ஒரு கட்டம்.

"மிஸ், சில ஆப்ல வேற காரணத்தாலயும் இப்படி ஒரே கட்டம் வரும். ஃப்ளட்டர்னு ஆப் செய்யற ஒரு கருவி இருக்கு, அதுல செஞ்சாலும் வரும். ஆனா நெட் இல்லாதப்போ பிரவுசர் எரர் வருது பாருங்க, அதோட சேர்த்துப் பார்த்தா இது வெப்வியூ. வெப்சைட்டுக்கு மேல ஒரு சட்டை மாட்டி ஆப்னு குடுத்திருக்காங்க."

வெப்வியூவில் செய்வதே தப்பு என்று நான் சொல்லவில்லை. சின்னத் தேவைக்கு அது போதும், செலவும் குறையும். சொல்லிவிட்டுச் செய்திருந்தால் நானே சரி என்றிருப்பேன். நேட்டிவ் என்று எழுதி, இரண்டு தளத்துக்கும் இரண்டு விலை வாங்கிக்கொண்டு இதைக் கொடுத்தார்கள். அதுதான் மோசடி.

ஐஃபோன் ஆப் என்னவாயிற்று என்று கேட்ட போதெல்லாம் "ரிவ்யூல இருக்கு மேடம், ஆப்பிள்ல லேட் ஆகும்" என்றே பதில் வந்தது. ஏழு வாரம் இப்படிப் போனது. சமர்ப்பிக்கப்படும் ஆப்களில் சராசரியாக 90 சதவீதத்தை 24 மணி நேரத்துக்குள் பார்த்துவிடுவதாக ஆப்பிளே தன் பக்கத்தில் எழுதியிருக்கிறது. கடைசியில் வற்புறுத்திக் கேட்டு, ஆப்பிள் அனுப்பிய பதிலை வாங்கிப் பார்த்தேன். முதல் வாரமே ரிஜெக்ட் ஆகியிருக்கிறது. காரணம் 4.2-ஆவது விதி: வெப்சைட்டையே மறுபடி பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தால் ஏற்கமாட்டோம் என்பதுதான் அதன் சாரம்.

இதுவரை போனது பணம்தான். அடுத்து நடந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு பெற்றோர் பாஸ்வேர்டை மறந்துவிட்டு அந்த நிறுவனத்தின் சப்போர்ட் எண்ணுக்கு எழுதியிருக்கிறார். அவர்கள் அவருடைய பழைய பாஸ்வேர்டையே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். முறையாகச் செய்த எந்த அமைப்பிலும் பாஸ்வேர்டு ஹாஷ் செய்யப்பட்டு, அதாவது வேறு எழுத்துகளாக உருமாற்றப்பட்டுத்தான் இருக்கும். அதைத் திருப்பி எழுத்தாகப் படிக்க யாராலும் முடியாது, புதிதாக ஒன்றை வைத்துக்கொள்ள மட்டும்தான் முடியும். பழையதை எடுத்துக் கொடுக்க முடிகிறதென்றால் திருப்பிப் படிக்கும்படி சேமித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிள்ளைகளின் பெயர், வகுப்பு, பெற்றோர் எண், கூடவே அவர்கள் வேறு இடங்களிலும் பயன்படுத்தும் பாஸ்வேர்டு, எல்லாம் யாரோ ஒருவர் திறந்து பார்க்கும்படி கிடந்திருக்கிறது. என்னை நம்பிக் கொடுத்த விவரங்கள் அவை. அன்று இரவே ஒவ்வொரு வீட்டுக்கும் ஃபோன் செய்து நடந்ததைச் சொல்லி, அதே பாஸ்வேர்டை எங்கெல்லாம் வைத்திருக்கிறார்களோ அங்கெல்லாம் மாற்றச் சொன்னேன்.

விலகிவிடலாம் என்று முடிவெடுத்த பிறகுதான் கட்டு எவ்வளவு இறுக்கம் என்று தெரிந்தது. ஆப் அந்த நிறுவனத்தின் பிளே ஸ்டோர் கணக்கில் இருந்தது. ஸ்டோரில் ஆப்பை அடையாளம் காட்டும் பேக்கேஜ் நேமிலேயே அவர்கள் பெயர் இருந்தது; ஒருமுறை வெளியிட்டுவிட்டால் அதை மாற்ற முடியாது. ஆப்பை இன்னொரு கணக்குக்கு மாற்ற கூகுளில் வழி இருக்கிறது, ஆனால் அந்த விண்ணப்பம் அவர்கள் பக்கத்திலிருந்து போக வேண்டும். சர்வர் அவர்கள் பெயரில். சோர்ஸ் கோடு, அதாவது ஆப்பின் மூல நிரல், கேட்டதற்கு "அது தனி சார்ஜ்" என்றார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் கோடின் உரிமை யாருக்கு என்று ஒரு வரிகூட இல்லை. பணம் கொடுத்துவிட்டோமே, நமக்குத்தானே சொந்தம் என்று நினைத்திருந்தேன். எழுத்தில் மாற்றித் தராதவரை எழுதியவருக்கே உரிமை என்பதுதான் பல நாடுகளின் சட்டம்.

அதனால் கேட்டுக்கொள்கிறேன், ஒரு ரூபாய் கொடுப்பதற்கு முன் ஸ்டோர் கணக்குகளை நீங்களே திறந்துவிடுங்கள். கூகுளில் ஒரே ஒரு முறை 25 டாலர், ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர். உங்கள் கணக்கில் டெவலப்பரை உறுப்பினராகச் சேர்த்து வேலை செய்யச் சொல்ல முடியும், உங்கள் பாஸ்வேர்டைத் தரவே வேண்டாம். டொமைனும் சர்வரும் உங்கள் மின்னஞ்சலில் பதிவாக வேண்டும். கோடையும் அதில் செய்யும் மாற்றங்களையும் சேமித்து வைக்கும் கிட் (Git) களஞ்சியத்தை நீங்கள் தொடங்கி அவர்களை உள்ளே அழையுங்கள். வாராவாரம் கமிட், அதாவது புது மாற்றத்தின் பதிவு, விழுகிறதா என்று பார்க்க புரோகிராமிங் தெரிய வேண்டியதில்லை, தேதியைப் பார்த்தால் போதும். நல்ல நிறுவனம் இதற்கெல்லாம் முகம் சுளிக்காது. நான் இரண்டாவதாகப் போன இடத்தில் நான் கேட்பதற்கு முன்பே "அக்கவுண்ட் உங்க பேர்லதான் இருக்கணும் மேடம்" என்றார்கள்.

புது ஆப் இப்போது ஓடுகிறது, என் கணக்கில், புதுப் பேக்கேஜ் நேமில். பழைய ஆப் இன்னும் ஸ்டோரில்தான் இருக்கிறது. எடுக்கச் சொல்லி மூன்று முறை எழுதிவிட்டேன், பதில் இல்லை. நேற்றும் புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவியின் அப்பா தவறிப்போய் அதை இறக்கி, மகளின் பெயரையும் தன் எண்ணையும் பதிவு செய்துவிட்டு, "லாகின் ஆகலையே" என்று என்னிடம் கேட்டார்.