கவுன்சில் கம்ப்ளேன் சேவை (பினாங்கு): லைட்டுக்கு சூப்பர், லோங்காங்குக்கு (ரோட்டோர வாய்க்காலுக்கு) இன்னும் பத்தாது

முதல்ல நல்லதைச் சொல்லிடுறேன். தெரு விளக்கு விஷயத்துல நம்ம மாநகர் கவுன்சிலுக்கு அஞ்சுக்கு அஞ்சு கொடுக்கலாம். எங்க தாமான் (குடியிருப்பு) முக்குல லைட் எரியாம கெடந்துச்சு, டியூஷன் முடிச்சிட்டு வர்ற பிள்ளைங்க எல்லாம் அந்த இருட்டுலதான் மோட்டார்ல வரும், போட்டோ எடுத்து ஆன்லைன்ல அனுப்புனேன், அந்த வாரத்துக்குள்ளயே ஏணி வச்ச லாரி வந்து பல்ப மாத்திட்டுப் போயிட்டாங்க. ஒண்ணு கவனிங்க, விளக்குக் கம்பத்துல ஒரு நம்பர் இருக்கும், பெயிண்ட்ல எழுதியிருப்பாங்க இல்லன்னா சின்னதா தகடு அடிச்சிருப்பாங்க. அந்த நம்பரக் கண்டிப்பா போடுங்க. சும்மா "ரோட்டு முக்குல லைட் எரியல"ன்னு எழுதுனா எந்த முக்குன்னு அவங்க தேடணும், கம்ப்ளேன் அங்கயே நின்னுடும்.

குப்பையும் பரவால்ல. யாரோ ராத்திரியோட ராத்திரியா பழைய சோபா, உடைஞ்ச வாளின்னு பின்னாடி சந்துல கொட்டிட்டுப் போயிட்டாங்க. டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு முட்டை கொசுவாகி பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும், அதனால குப்பைய மட்டும் காட்டாம வாளியில தேங்கி நின்ன தண்ணியையும் கிட்ட போய் எடுத்து அனுப்புனேன், சீக்கிரமே வந்து அள்ளிட்டாங்க. நம்ம மாநிலத்துல குப்பை இன்னும் கவுன்சில் பொறுப்புதான், கோலாலம்பூர் மாதிரி 2007 திடக்கழிவுச் சட்டத்துக்குக் கீழ ஃபெடரல் கைக்குப் போகல, அதனால நேரா இவங்களையே கேக்கலாம்.

கோவம் வர்ற இடம் லோங்காங்தான்.

எங்க வரிசைக்கு முன்னாடி இருக்கிற லோங்காங் அடைச்சிருச்சு, அரை மணி நேரம் நல்லா மழை பெஞ்சா தண்ணி கேட் வரைக்கும் வந்துடுது. கம்ப்ளேன் போட்டேன், நம்பர் வந்துச்சு, கொஞ்ச நாள்ல "முடிந்தது"ன்னு மெசேஜும் வந்துச்சு. நான் வேலையில இருந்தேன், சந்தோஷமா வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டேன், சாயந்திரம் வந்தா பக்கத்து வீட்டு அக்கா கேட்லயே நிக்கிறாங்க, "தம்பி, முடிஞ்சிருச்சுன்னு போட்டியே, வந்து பாரு, சிலாப் அடியில மண்ணு அப்படியே கெடக்கு." குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பார்த்தா அக்கா சொன்னது சரிதான். மேல மிதந்த பாட்டிலு, பிளாஸ்டிக் பை, இலை தழை எல்லாம் எடுத்திருக்காங்க, ஆனா சிமெண்ட் சிலாப தூக்கவே இல்ல, அதுக்குக் கீழ மண்ணு முக்கால்வாசி உயரத்துக்கு இறுகிப் போய் அது மேல புல்லே முளைச்சிருக்கு. தண்ணி எப்படிப் போகும்?

வந்த கொன்ட்ரெக்டர் ஆளுங்கள நான் குறை சொல்ல மாட்டேன், அந்த வெயில்ல அந்த நாத்தத்துல வேலை செய்றவங்க அவங்க, மண்ணு அள்ளச் சொல்லி ஆர்டர் இருந்திருந்தா அள்ளியிருப்பாங்க. கம்ப்ளேன் போட்டவன ஒரு வார்த்தை கேக்காம ஆபீஸ்ல இருந்தே கேஸ க்ளோஸ் பண்றாங்க பாருங்க, அதுதான் இந்த சேவையோட பெரிய ஓட்டை. மறுபடியும் போட்டா புது நம்பர், புது கேஸ், பழசோட தொடர்பே இல்ல. அதனால ரெண்டாவது தடவை எழுதும்போது பழைய நம்பர முதல் வரியிலேயே போட்டு, ஒரு குச்சிய மண்ணுல குத்தி எவ்வளவு ஆழம்னு தெரியிற மாதிரி போட்டோ எடுத்து, வரிசையில இருக்கிற எல்லா வீட்டுலயும் கையெழுத்து வாங்கி, ஒரு காப்பி ஏடியுஎன் (சட்டமன்ற உறுப்பினர்) சேவை மையத்துலயும் கொடுத்தோம். அதுக்கப்புறம்தான் சிலாப தூக்கி மண்ண அள்ளுனாங்க. ஒரு வாய்க்காலுக்கு இத்தனை பாடு ஏன்?

கவுன்சில் கவுண்டருக்குப் போனது நல்ல அனுபவம். எனக்கு முன்னாடி ஒரு பெரியவர் நின்னாரு, ஃபாரம் மலாய்லயும் இங்கிலீஷ்லயும்தான் இருக்கு, அவரு கையில வச்சுக்கிட்டு முழிச்சிட்டு இருந்தாரு. உள்ள இருந்து ஒரு தமிழ்ப் பொண்ணு எந்திரிச்சு வந்து "அங்கிள், நீங்க சொல்லுங்க, நான் டைப் பண்றேன்"னு பொறுமையா கேட்டு, கடைசியில ரெஃபரன்ஸ் நம்பர பெரிய எழுத்துல எழுதியும் கொடுத்துச்சு. மனசு நிறைஞ்சிருச்சு. ஆப் ஓட்டத் தெரியாத அப்பா அம்மா இருந்தா கவுண்டருக்கே கூட்டிட்டுப் போங்க, போன்ல காத்துக் கெடக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல்.

போறதுக்கு முன்னாடி யாரு பொறுப்புன்னு பார்த்துக்குங்க. தீவுன்னா எம்பிபிபி, பெருநிலம்னா எம்பிஎஸ்பி, ரெண்டும் மாநகர் கவுன்சில்தான். பெரிய ரோட்டுல குழின்னா அநேகமா ஜேகேஆர் (பொதுப்பணி இலாகா), கழிவுநீர் மேன்ஹோல் பொங்குனா இண்டா வாட்டர் கம்பெனி, ஆறுன்னா ஜேபிஎஸ் (வடிகால் நீர்ப்பாசன இலாகா), குழாய்த் தண்ணின்னா பிபிஏபிபி (பினாங்கு தண்ணி கம்பெனி). தப்பான கதவத் தட்டுனா "எங்க பொறுப்பு இல்ல"ன்னு திருப்பி அனுப்பிடுவாங்க, அதுலயே நாள் ஓடிடும். தப்பா வந்தாலும் அவங்களே சரியான இலாகாவுக்கு மாத்தி விடணும், சாதாரண ஜனங்களுக்கு எந்த ரோடு யாரோடதுன்னு எப்படித் தெரியும்?

இதுக்கு ஏன் இவ்வளவு வேகப்படுறேன்னா, கவுன்சில்காரங்கள நாம ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுக்கிறது இல்ல. ஜார்ஜ்டவுன்ல 1951ல முனிசிபல் தேர்தல் நடந்துச்சு, ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் மலாயாவுல நடந்த முதல் தேர்தலே அதுதான். 1965ல இந்தோனேசியாவோட நடந்த கான்ஃப்ரண்டேஷன் மோதல் நேரத்துல நிறுத்துனாங்க, 1976 உள்ளாட்சிச் சட்டத்தோட நியமனம்னே ஆயிப்போச்சு. பினாங்கு அரசாங்கம் 2012ல சட்டம் போட்டு திரும்பக் கொண்டுவரப் பார்த்துச்சு, 2014ல ஃபெடரல் கோர்ட் தள்ளுபடி பண்ணிடுச்சு. வேலை சரியில்லன்னா அடுத்த தேர்தல்ல பார்த்துக்கலாம்னு சொல்ல நமக்கு வழியே கெடையாது. வருஷத்துக்கு ரெண்டு தடவை, பிப்ரவரி கடைசிக்குள்ளயும் ஆகஸ்ட் கடைசிக்குள்ளயும் வீட்டு வரி மட்டும் கட்டிட்டே இருக்கோம். அதனால இந்தக் கம்ப்ளேன் நம்பர சும்மா நெனைக்காதீங்க, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்குங்க. இன்னொண்ணு, அதே 1976 சட்டத்துல 23வது பிரிவு, கவுன்சிலே வேணாம்னு தீர்மானம் போட்டாத் தவிர முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்ததுன்னு சொல்லுது. நம்ம ஆளுங்க போய் உக்காந்து பார்க்கணும், நம்ம இடத்து ரோடு லோங்காங் பத்தி அங்க யாராவது பேசுறாங்களான்னு தெரியணும்ல.

மொத்தத்துல அஞ்சுக்கு மூணு ஸ்டார். கேஸ மூடுறதுக்கு முன்னாடி வேலைக்கு முன்னாடி ஒரு போட்டோ, பின்னாடி ஒரு போட்டோ அனுப்பி, "சரியா முடிஞ்சதா"ன்னு கம்ப்ளேன் போட்டவங்ககிட்ட கேட்டு, அவங்க சரின்னு சொன்ன பிறகு மூடட்டும், நாலரை கொடுக்க நான் ரெடி.