கிராஃபிக்ஸ் கார்டின் இரைச்சலைக் குறைக்க இரண்டு நாக்டுவா விசிறிகள்

ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ வகைக் கிராஃபிக்ஸ் கார்டோடு வந்த விசிறிகளையும் பிளாஸ்டிக் மூடியையும் கழற்றிவிட்டு, வெப்பத்தைக் கடத்தி வெளியேற்றும் அதன் உலோகத் தகடுத் தொகுதியான ஹீட்சிங்க் மீது நாக்டுவா நிறுவனத்தின் என்எஃப்-ஏ12எக்ஸ்25 பிடபிள்யூஎம் விசிறிகள் இரண்டைப் பொருத்திச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். என் தொழில் வீடியோ எடிட்டிங். பின்னணிக் குரலையும் அதே அறையில்தான் பதிவு செய்கிறேன். பதிவின்போது சீலிங் ஃபேனையும் ஏசியையும் அணைத்தாக வேண்டும் என்பதால், சென்னைக் கோடையில் அறை வெப்பம் சற்று நேரத்திலேயே 33, 34 டிகிரிக்கு ஏறிவிடும். வெளிநாட்டு விமர்சனங்களில் காணும் அளவீடுகள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி வரையிலான அறைகளில் எடுக்கப்பட்டவை. அவற்றை நம் ஊருக்கு அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது.

அந்த வேறுபாடு முதலில் தெரியும் இடம், இன்றைய கார்டுகள் பலவற்றிலும் உள்ள ‘ஜீரோ ஃபேன்’ வசதி. கார்டின் மையச் சிப்பின் வெப்பம் ஒரு வரம்புக்குக் கீழே இருக்கும்வரை விசிறிகள் சுழலாமல் நிற்கும் என்பது இதன் ஏற்பாடு. குளிர்ந்த அறையில் இது வரம்தான். ஆனால் அறையே சூடாக இருந்து, இரண்டு மானிட்டர்களும் இணைக்கப்பட்டிருந்தால், வேலை எதுவும் இல்லாத நிலையிலும் சிப் அந்த வரம்பை ஒட்டியே நிற்கும். எனவே விசிறிகள் திடீரென எழுந்து, சிறிது நேரம் இரைந்து, அடங்கி, மறுபடியும் எழும். ஆடாசிட்டி போன்ற மென்பொருள்களின் இரைச்சல் நீக்கும் வசதி, மௌனமான ஒரு துண்டை மாதிரியாக எடுத்துக்கொண்டு அதே இரைச்சலைப் பதிவு முழுவதிலும் தேடிக் கழிப்பது. ஏறி இறங்கும் ஓசைக்கு முன் அது கையை விரித்துவிடுகிறது. ஓசை சற்றே கூடுதலாக இருந்தாலும் ஒரே சீராக இருந்தால் போதும் என்று நான் முடிவு செய்ததற்குக் காரணம் இதுவே.

விசிறி வாங்குவதற்கு முன் செலவில்லாத வழிகளைச் செய்து பார்ப்பது முறை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் மின்வரம்பை 80 சதவீதமாகக் குறைத்தால், 200 வாட் கார்டு 160 வாட்டுக்குள் நிற்கும். வேகத்தில் இழப்பது சில சதவீதம் மட்டுமே. கூடவே எந்த வெப்பத்தில் விசிறி எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும் என்று வகுக்கும் ஃபேன் கர்வைத் திருத்தி, விசிறி நிற்காமல் குறைந்த வேகத்தில் ஓடும்படி வைத்துவிட்டால் பெரும்பாலோருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. எனக்குத் தேவைப்பட்டது; ஏனெனில் கார்டோடு வந்த விசிறிகள் விட்டத்தில் சிறியவை, தடிமனிலும் மெலிந்தவை, மிகக் குறைந்த வேகத்தில்கூட மைக்குக்கு எட்டும் மெல்லிய கீச்சொலியை எழுப்புபவை.

பெரிய விசிறி ஏன் உதவுகிறது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. ஒரே வடிவ விசிறிகளில், தள்ளப்படும் காற்று வேகத்துக்கு நேர்விகிதத்திலும் விட்டத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. இரைச்சலோ வேகத்தைப் பாதியாக்கினால் சுமார் 15 டெசிபல் குறைகிறது. ஆகவே அதே காற்றைப் பெரிய விசிறியால் மெதுவாகத் தள்ளச் செய்வதே லாபம்.

ஆஸ்திரிய நிறுவனமான நாக்டுவா இந்த 120 மி.மீ. விசிறியை 2018-இல் வெளியிட்டது. உச்ச வேகம் 2000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 2000 சுற்றுகள்); அந்த வேகத்தில் 22.6 டெசிபல் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. இறக்கையின் நுனிக்கும் சட்டத்துக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர் மட்டுமே என்பதால், ஹீட்சிங்க் போன்ற தடையை எதிர்த்துக் காற்றைச் செலுத்துகையில் அது பின்னால் கசிவது குறைவு. நம் பயன்பாட்டுக்கு உச்ச வேகத்தைவிட இந்தப் பண்புதான் முக்கியம். ஒரே இணைப்பில் இரண்டு விசிறிகளை ஓட்ட உதவும் ஒய் கேபிளும் பெட்டியிலேயே இருக்கிறது.

பொருத்தும் வேலை கடினமானதன்று. பொறுமை மட்டும் வேண்டும். கார்டின் மூடியை ஹீட்சிங்கோடு பிணைக்கும் சிறு ஸ்க்ரூக்களை மட்டும் கழற்ற வேண்டும். சிப்பின் பின்புறமுள்ள நான்கு ஸ்பிரிங் ஸ்க்ரூக்களைத் தொட்டால், சிப்பிலிருந்து ஹீட்சிங்குக்கு வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட், தெர்மல் பேட் எல்லாவற்றையும் புதிதாகப் போட நேரிடும். எல்லாக் கார்டுகளும் இப்படிப் பிரிவதில்லை என்பதால், உங்கள் மாடலைப் பிரித்துக் காட்டும் வீடியோவைத் தேடிப் பார்த்த பிறகே ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். விசிறியை ஹீட்சிங்கின் மேல் வைத்து, ஜிப் டை எனும் பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகளை மூலைத் துளைகளின் வழியே விட்டு, தகடுகளின் ஓரமாகச் சுற்றி இறுக்கலாம். அலுமினியத் தகடுகள் பிளேடு போன்றவை என்பதால் கையுறை அவசியம். இறுக்கியபின் மிஞ்சும் வாலை நகவெட்டியால் ஒட்ட நறுக்கிவிட்டால், அது இறக்கையில் உரசிக் கிறீச்சிடும் தொல்லை இருக்காது. விசிறியின் குறுக்குச் சட்டங்கள் உள்ள பக்கம் ஹீட்சிங்கைப் பார்த்திருக்க வேண்டும். மாற்றி வைத்தால் காற்று எதிர்த்திசையில் ஓடும்.

இணைப்பில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கார்டிலுள்ள நான்கு முனை சாக்கெட், மதர்போர்டில் உள்ளதைவிடச் சிறியது. அதற்கென்று விற்கும் அடாப்டர் கேபிள் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் விசிறிகள் எளிதாகக் கிடைக்கின்றன. இந்த அடாப்டருக்கு ஆன்லைனை நம்புவதே உத்தமம். ஒரு விசிறி இழுக்கும் மின்னோட்டம் 0.14 ஆம்பியர் மட்டுமே என்பதால் கார்டின் சாக்கெட் திணறாது. அதன்பின் விசிறிகள் சிப்பின் வெப்பத்துக்கு ஏற்பத் தாமாகவே வேகத்தை மாற்றிக்கொள்ளும்.

இடத்தை அளக்காமல் இதில் இறங்க வேண்டாம். 40 மி.மீ. ஹீட்சிங்கோடு 25 மி.மீ. விசிறியைச் சேர்த்தால் 65 மி.மீ., அதாவது மூன்று ஸ்லாட்டுக்கும் (கேபினெட்டில் கார்டுகள் அமரும் இட அளவு) சற்று மேல். கேபினெட்டின் அடியில் மின்வழங்கியான எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மூடி நெருக்கினால் 15 மி.மீ. தடிமனுள்ள என்எஃப்-ஏ12எக்ஸ்15 மாடலைப் பார்க்கலாம். ஏசஸ் நிறுவனம் 2021-இல் என்எஃப்-ஏ12எக்ஸ்25 விசிறிகள் இரண்டைப் பதித்து ஆர்டிஎக்ஸ் 3070 கார்டு ஒன்றை வெளியிட்டபோது, அதன் தடிமன் 4.3 ஸ்லாட்டை எட்டியது.

பலன் என்ன? ரெண்டர் ஓடும்போது முன்பு 75 டிகிரியைத் தொட்ட சிப் இப்போது 70-ஐ ஒட்டி நிற்கிறது. விசிறிகள் 1000 ஆர்.பி.எம்-க்கு மேல் போக வேண்டிய தேவை அரிதாகவே எழுகிறது. சும்மா இருக்கும் வேளையில் சுமார் 600 ஆர்.பி.எம். வேகத்தில் நிற்காமல் சுழல்கின்றன. பதிவில் மிஞ்சுவது தாழ்ந்த, சீரான காற்றோசை மட்டுமே, அதை மென்பொருள் சுத்தமாகக் கழித்துவிடுகிறது. ஆனால் விசிறி அடங்கியதும் கார்டின் சுருள்கள் எழுப்பும் காயில் வைன் என்னும் ரீங்காரம் காதில் விழத் தொடங்கியது. கேம்களில் ஃபிரேம் வேகத்துக்கு வரம்பு வைத்தால் அது குறைகிறது; எந்த விசிறியாலும் அதைத் தீர்க்க முடியாது.

ஹீட்சிங்கையே மாற்ற விரும்புவோருக்கு 12 ஹீட்பைப்புகள் (வெப்பத்தைக் கடத்தும் குழாய்கள்) கொண்ட ரைஜின்டெக் மார்ஃபியஸ் போன்றவை உண்டு. அதற்கும் விசிறியைத் தனியாகத்தான் வாங்க வேண்டும், மெமரி சிப்புகளுக்குச் சிறு ஹீட்சிங்குகளை ஒட்டவும் வேண்டும். 200 வாட் கார்டுக்கு அது மிகை என்பது என் எண்ணம்.

விலைதான் நாக்டுவாவின் பெரிய குறை. ஒன்றின் விலையில் ஆர்க்டிக் நிறுவனத்தின் பி12 விசிறிகள் இரண்டு வாங்கிவிடலாம். நாள் முழுவதும் சீலிங் ஃபேன் ஓடும் அறையில் கேம் மட்டும் ஆடுபவர்களுக்கு இரண்டுக்கும் வேறுபாடு காதில் விழ வாய்ப்பில்லை. அவர்கள் பி12 வாங்கிவிட்டு மிச்சப் பணத்தில் நல்ல ஹெட்ஃபோன் பார்க்கலாம். மைக் முன் உட்காருபவர்களுக்கு மட்டும் நாக்டுவாவைத் துணிந்து பரிந்துரைப்பேன். அதன் பழுப்பு நிறத்தைச் சகிக்க முடியாதவர்களுக்குக் கறுப்பு நிற மாடலும் உண்டு. மூடியைக் கழற்றினால் கார்டின் வாரண்டி ரத்தாகலாம் என்பதால், வாரண்டி முடிந்த கார்டில் செய்வது நல்லது. கழற்றிய மூடி, விசிறி, ஸ்க்ரூ அனைத்தையும் கார்டின் பெட்டியிலேயே போட்டு வைத்தால், பின்னாளில் விற்கும்போது பழையபடி மாட்டித் தரலாம்.