புதுக் குஞ்சுகளைப் பழைய கோழிகளோடு சேர்ப்பது: மலையில் எந்த வழி தோது?

கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று கேட்பார்கள். தாய்க்கோழி மிதித்தால் சாகாதுதான். அதே கொட்டகையில் இருக்கும் வேறொரு பெட்டை மண்டையில் நாலு கொத்துக் கொத்தினால் செத்துப் போகும். யார் முதலில் தின்பது, யார் மேல் கம்பில் அடைவது என்று கோழிகளுக்குள் ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டு விலங்கியல் ஆய்வாளர் ஷெல்டெரப்-எப்பே 1920களிலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். புதிதாக யார் உள்ளே வந்தாலும் அந்த வரிசை குலைந்து, மறுபடி கொத்திக்கொண்டுதான் அமையும். அதனால் கொத்தே இல்லாமல் சேர்க்கும் வழி எதுவும் கிடையாது. குஞ்சு தாங்குகிற அளவுக்கு அதைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

சமவெளியில் இது முற்றத்து விவகாரம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் குளிரும் மழையும் குறுக்கே வருகின்றன. ஜனவரி இரவில் ஊட்டியில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். முதல் வாரக் குஞ்சுக்கோ சுமார் 35 டிகிரி சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி போலக் குறைத்துக்கொண்டு வரலாம்.

என் ஓட்டு முதலில் அடைக்கோழிக்கு. சூடு, காவல், அறிமுகம் மூன்றையும் அது ஒன்றே பார்த்துக்கொள்கிறது. மின்சாரம் போனாலும் கவலை இல்லை. மழைக்காலத்தில் பல்பை நம்பிக் குஞ்சு வளர்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். (பல்பு அணைந்தது என்று மூடிய கொட்டகைக்குள் கரி அடுப்பு வைக்காதீர்கள். அந்தப் புகை கோழியையும் கொல்லும், ஆளையும் கொல்லும்.) சிறுவிடை என்னும் சிறிய உடல்வாகு நாட்டுக்கோழிப் பெட்டை என்றால் இன்னும் நல்லது, அடை உட்காருவதிலும் குஞ்சைக் காப்பதிலும் அதற்கு நிகர் குறைவு. வாங்கிய குஞ்சுகளையும் அதனிடம் தள்ளிவிடலாம். ஆனால் அது இரண்டு மூன்று வாரமாவது அடையில் இருந்திருக்க வேண்டும், குஞ்சுக்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இருட்டிய பிறகு முட்டையை எடுத்துவிட்டுக் குஞ்சை வயிற்றடியில் வைத்துவிட்டு, விடியும்போது கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டும். ஏற்றுக்கொண்டால் கொக்கொக்கென்று கூப்பிட்டுத் தீனி காட்டும். ஏற்காவிட்டால் அன்றே குஞ்சை எடுத்துவிடுவது உத்தமம். முதல் சில நாள் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்து, அப்புறம் தாயோடு திறந்துவிட்டால், மற்ற கோழிகளை அதுவே விரட்டிப் பழக்கிவிடும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தாயே குஞ்சுகளைக் கொத்திப் பிரிக்கும். அதற்குள் கூட்டத்தில் ஒதுங்கிப் போகவும் ஓடித் தப்பவும் குஞ்சுகள் கற்றிருக்கும்.

சங்கடம் என்னவென்றால், நமக்கு வேண்டிய நேரத்தில் எந்தக் கோழியும் அடைக்கு உட்காராது. முட்டைக்கென்று வாங்கும் கலப்பினக் கோழிகள் பெரும்பாலும் உட்காரவே உட்காரா. கொட்டகையில் அந்த ரகம் மட்டும் இருந்தால் மேலே சொன்னதை மறந்துவிடலாம்.

அந்த ரகம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு வலைத் தடுப்புதான் சரி. கொட்டகையில் ஒரு மூலையைக் கம்பிவலையால் மறித்து, இறகு முளைத்த குஞ்சுகளை உள்ளே விட வேண்டும். இறகு முளைக்க ஐந்தாறு வாரம் ஆகும். பனிக்காலத்தில் இன்னும் ஒரு வாரம் கூட்டிக்கொள்ளலாம். பார்க்கலாம், தொட முடியாது என்ற நிலையில் இரண்டு வாரம் ஓடட்டும். வலைக்கு இருபுறமும் பக்கத்தில் பக்கத்தில் தீனி வைத்தால் சேர்ந்து தின்னும் பழக்கம் வரும். அப்புறம் வலையைப் பிரிப்பதற்குப் பதில், அடியில் அரைச் சாண் அகலத்தில் ஒரு பொந்து வெட்டிவிடுங்கள். குஞ்சு வெளியே வரும், கொத்து விழுந்தால் உள்ளே ஓடும். பெரிய கோழி தலையை நீட்டிவிட்டுத் திரும்பிப் போகும். இந்தப் பொந்து இல்லாத வலைத் தடுப்பு பாதி வேலைதான். கொட்டகையில் இருப்பவை சிறுவிடை என்றால் பொந்தை இன்னும் குறுக்க வேண்டும், அவை எதற்குள்ளும் நுழைந்துவிடும். கீரியும் மரநாயும் சுற்றும் இடத்தில் மெல்லிய கோழிவலை போதாது. கீழ்ப்பகுதிக்காவது கனமான வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) வேண்டும்.

இரவில் கம்பில் கொண்டுபோய் வைப்பது, காலையில் எல்லாம் ஒன்றாகிவிடும் என்பது அடுத்த வழி. கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது என்பது உண்மை. விடிந்ததும் தெரியுமே! வளர்ந்த விடைக்கோழியை (இன்னும் முட்டையிடாத இளம் பெட்டையை) சேர்க்க இது பரவாயில்லை. ஆறு வாரக் குஞ்சுக்கு வேண்டாம். விடிந்து வெகுநேரம் கழித்துக் கொட்டகை திறப்பவர்கள் இந்தப் பக்கமே போகக் கூடாது.

நான்கு மாதம் தனியே வளர்த்து, உருவம் ஒத்த பிறகு சேர்ப்பது கொத்தைப் பொறுத்தவரை பத்திரமான வழி. கனமான பெருவிடைகளோ சண்டைக் குணம் உள்ள சேவலோ இருந்தால் நானும் இதைத்தான் சொல்வேன். ஆனால் காற்றும் சாரலும் புகாத இரண்டாவது கொட்டகை வேண்டும். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் அதற்கு இடம் ஏது?

எந்த வழியானாலும் மாதத்தைப் பார்த்துச் செய்வது முக்கியம். பிப்ரவரி பாதியில் இருந்து மே வரை கோழிகள் பகலெல்லாம் வெளியே மேயும்; துரத்தப்படும் குஞ்சு ஓட இடம் இருக்கும். கூடலூர், நடுவட்டம் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அடிக்கும் தென்மேற்கு மழையிலோ, குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர், நவம்பர் மழையிலோ எல்லாம் கொட்டகைக்குள் அடைந்து கிடக்கும்போது சேர்த்தால் நல்ல வலைத் தடுப்பும் தோற்கும். ஈர மரத்தூளில் ரத்தக்கழிச்சல் வேறு பரவும், இளங்குஞ்சுகளைத்தான் அது முதலில் பிடிக்கும். சந்தையில் வாங்கியவற்றை வலைக்கு அப்பால் வைத்தால் போதாது, இரண்டு மூன்று வாரம் வேறு இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தை முதல் வாரத்திலும் நான்காவது வாரத்திலும் சொட்டாகவும், எட்டாவது வாரத்தில் ஊசியாகவும் போடுவது வழக்கம்.

தீனியில் பலரும் கோட்டைவிடுகிறார்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் மூன்றரை, நான்கு சதவீதம் இருக்கும். குஞ்சுக்கு ஒரு சதவீதமே போதும், மிஞ்சினால் சிறுநீரகம் கெடும். ஒரே கொட்டகையில் இரண்டு வயது என்றால் எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனம் போட்டுவிட்டு, கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வைத்துவிடலாம். வேண்டிய பெட்டை தானே போய்க் கொத்திக்கொள்ளும். தட்டுகள் இரண்டு மூன்று இடத்தில் இருக்கட்டும், ஒன்றை ஒரு கிழட்டுப் பெட்டை காவல் காத்தாலும் மற்றதில் குஞ்சு தின்னும்.

ஒற்றைக் குஞ்சை மட்டும் சேர்க்காதீர்கள், இரண்டு மூன்றாவது வேண்டும். ரத்தம் தெரிந்தால் உடனே எடுத்து, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசி, காயம் ஆறும்வரை தனியே வையுங்கள். சிவப்பைக் கண்டால் சாதுவான கோழியும் கொத்த வந்துவிடும்.