ஸ்க்ரூவைத் திருகிவிட்டு ‘கஸ்டம் ஃபிட்டிங்’ என்று காசு வாங்குகிறார்கள், கவனம்

கொழும்பில் பாவித்த கோல்ஃப் ட்ரைவர், அதாவது பந்தைத் தூரமாக அடிக்கும் தடி, வாங்க யோசிப்பவர்கள், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கப் போகிறவர்கள், தயவுசெய்து இதை முழுவதும் வாசியுங்கள். லொஃப்ட் (பந்தை மேலே எழுப்பும் முகச் சரிவு) மாற்றக்கூடிய ட்ரைவர் ஒன்றை 95,000 ரூபாய்க்கு வாங்கினோம். அதற்கு மேல், தடியை ஆளுக்கேற்ற மாதிரி அமைத்துத் தரும் ‘கஸ்டம் ஃபிட்டிங்’ என்று 15,000 ரூபாய் கட்டினோம். கையில் கிடைத்தது எந்த நேரமும் தலை கழன்று பறக்கக்கூடிய ஒரு தடி.

விளையாடுவது என் தங்கையின் மகன், பள்ளிக்கூடப் பெடியன். அவன் அடித்தால் பந்து வலப்பக்கம் வளைந்து போய்விடும். இதைச் சொன்னதுமே விற்றவர், “அது பெரிய விஷயமே இல்லை அண்ணை, எங்களிட்ட ஃபிட்டிங் இருக்கு” என்றார். வலைக்குள் நாலைந்து பந்து அடிக்க விட்டார். பிறகு சாவியைப் போட்டு ஸ்க்ரூவைக் கழற்றி, தலையோடு தண்டு சேரும் இடத்திலுள்ள ஸ்லீவைத் திருப்பி, லொஃப்டை ஏற்றிப் பூட்டினார். “இனி நேராப் போகும் தம்பி.” ஃபிட்டிங் முடிந்தது!

பெடியனின் உயரத்தையோ, மணிக்கட்டிலிருந்து தரைவரை உள்ள தூரத்தையோ, கையின் அளவையோ எடுக்கவில்லை. சுவிங்கின் (தடியை வீசும்) வேகம் பார்க்கவில்லை. தடியின் முகத்தில் ஸ்டிக்கர் ஒட்டி, பந்து எந்த இடத்தில் படுகிறது என்று பார்க்கவில்லை. ஷாஃப்ட், அதாவது தடியின் நீண்ட தண்டு, அவனுக்கு விறைப்பாக இருக்கிறதா என்ற பேச்சே வரவில்லை. அளவெடுக்காமல் ரெடிமேட் சட்டையின் பொத்தானை மாற்றிவிட்டுத் தையற்கூலி கேட்டால் கொடுப்போமா?

ஸ்லீவ் என்பது ஷாஃப்டின் நுனியில் பசை போட்டு ஒட்டிய சின்னக் குழாய். அதன் துளை சற்றே சரிவாக இருக்கும். அதனால்தான் ஸ்லீவைச் சுற்றிப் பூட்டும்போது ஷாஃப்ட் தலைக்குள் இறங்கும் கோணம் மாறுகிறது. ஆனால் லொஃப்ட் மட்டும் தனியே மாறாது. லொஃப்டை ஏற்றினால், தலையைத் தரையில் வைக்கும்போது முகம் இடப்பக்கமாக மூடும். டெய்லர்மேட் கம்பனியின் 12 நிலை ஸ்லீவில் லொஃப்ட் 2 பாகை ஏறினால் முகம் 4 பாகை வரை மூடுகிறது. வலைக்குள் அடிக்கிறவனுக்கு இது ஒன்றும் தெரியாது. திறந்த வெளியில் அடித்தபோது பந்து இடப்பக்கம் இழுத்துக்கொண்டு ஓடியது. பெடியன் தன் சுவிங்கில்தான் பிழை என்று நினைத்து மனம் உடைந்து போனான். எனக்கு ஆத்திரம் வந்தது அந்தக் காசுக்காக மட்டும் இல்லை.

திரும்பக் கொண்டுபோய்க் கேட்டபோது விற்றவர் சொன்ன ஆலோசனை இன்னும் மோசம். “சாவியைப் பைக்குள்ள வச்சிரும் தம்பி. மட்ச் நடுவில இடப்பக்கம் போனா ஒரு புள்ளி குறைச்சு அடியும்.” இதைக் கேட்டு நடந்திருந்தால் பிள்ளையைப் போட்டியிலிருந்தே தூக்கியிருப்பார்கள். சுற்று தொடங்கிய பிறகு வேண்டுமென்றே அமைப்பை மாற்றி அந்தத் தடியால் ஒரு அடி அடித்தாலும் தகுதி நீக்கம் என்று கோல்ஃப் விதி 4.1 சொல்கிறது. பிள்ளைகளுக்குத் தடி விற்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு தடியை ஆட்டினால் கடகடவென்று சத்தம் வரத் தொடங்கியது. நீண்ட காலம் கெடியாக (விளையாடுபவரின் பையைத் தூக்கி உதவுபவராக) இருந்து இப்போது தடி திருத்தும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். ஐயா ஸ்க்ரூவைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஸ்லீவின் பற்கள் தலையின் பள்ளங்களுக்குள் உட்காரவே இல்லை. பிழையான பல்லை வைத்து இறுக்கி இறுக்கி அந்தப் பள்ளங்களின் விளிம்பு தேய்ந்து மினுங்கியது. ஸ்லீவின் வாயில் மஞ்சள் நிறக் காகித டேப் எட்டிப்பார்த்தது. விரலால் ஆட்டினாலே ஷாஃப்ட் அசைந்தது. “தம்பி, இது இந்தத் தலைக்குரிய சாமான் இல்ல. புள்ளைய இதால அடிக்க விடாதீங்க” என்றார். ட்ரைவர் தலை ஒன்று 200 கிராம் அளவு நிறை. பக்கத்தில் இன்னொரு பிள்ளை நிற்கும் இடத்தில் அது கழன்றால் என்ன ஆகும்?

விற்றவரிடம் கேட்டால், எல்லா ஸ்லீவும் ஒன்றுதானாம். அட்ஜஸ்டபிள் என்றால் கொஞ்சம் லூசாகத்தான் இருக்குமாம். இரண்டும் பொய். டெய்லர்மேட்டுக்கு 12 நிலை, இன்னொரு கம்பனியான டைட்லிஸ்ட்டுக்கு வளையமும் ஸ்லீவும் சேர்ந்து 16 நிலை; ஒன்றின் ஸ்லீவ் மற்றதற்குப் பொருந்தாது. ட்ரைவர் போன்ற வுட் வகைத் தடிகளில் இப்படிக் கோணம் மாற்றும் அமைப்புகளுக்கு விதிகள் இடம் கொடுத்ததே 2008இல் இருந்துதான். ஒரு சுற்றுக்குள் எந்தப் பாகமும் தளர இடம் இருக்கக்கூடாது என்பது அதற்கான நிபந்தனைகளில் ஒன்று.

ஆகவே வாங்கும் முன் ஸ்க்ரூவைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஸ்லீவில் பொறித்த எழுத்து அந்தக் கம்பனியின் அட்டவணையோடு பொருந்துகிறதா பாருங்கள். பூட்டும் சாவியையும் கவனியுங்கள். சரியான சாவி குறித்த இறுக்கம் வந்ததும் ‘டக்’ என்று விடும்; டெய்லர்மேட்டின் சாவிக்கு அது 40 இன்ச்-பவுண்ட். எங்களுக்குப் பூட்டியது சாதாரண நட்சத்திரச் சாவி. காட்ட மறுத்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

பற்றுச்சீட்டைக் கட்டாயம் கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. எங்களுக்குத் தந்ததில் ‘ஃபிட்டிங்’ என்று தனியாக எழுதியிருக்கிறது. அதுதான் இப்போது கைகொடுக்கிறது. அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். அவர்களின் இலக்கம் 1977. மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தள்ளிப் போடாதீர்கள்.

இதேபோல் ‘ஃபிட்டிங்’ என்று எழுதிய பற்றுச்சீட்டு உங்களிடமும் இருந்தால், ஸ்லீவையும் தலையின் பள்ளத்தையும் கிட்டத்தில் படம் எடுத்து எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். எங்கள் முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.