பிராக் நடைவழிகாட்டி வாங்கும் முன் மோக்கர் பெயரைத் தேடுங்கள்

செக் தலைநகர் பிராகில் "ஆள் வேண்டாம், நீங்களே நடந்து பாருங்கள்" என்று இணையத்தில் விற்கிற ஒலிவழிகாட்டி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, அது சொன்ன 24 இடங்களிலும் நின்று சரிபார்த்ததில் வெளிப்பட்டவை இவை. விற்றவர் பெயர் இங்கே வராது. பெயரைத் தெரிந்துகொண்டும் பெரிய பயன் இல்லை, அட்டையை மாற்றி நாளைக்கு வேறு பெயரில் வரும். சரக்கு கெட்டிருப்பதை வாங்கும் முன்பே கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் விஷயம்.

விளம்பரத்தில் இருப்பது: 90 நிமிடம், 24 இடங்கள், பழைய நகரத்திலிருந்து கோட்டை வரை. இந்தக் கணக்கே உதைக்கிறது. வெடிமருந்துக் கோபுரத்திலிருந்து சார்லஸ் பாலம் கடந்து, நெருடோவா தெரு ஏறி, கோட்டை வாசல் சேர சுமார் இரண்டரை கிலோமீட்டர். அதில் கடைசிப் பகுதி அறுபது மீட்டருக்கு மேல் ஏற்றம். தரை முழுக்கக் கருங்கல் பாவியது. கூட்டத்துக்குள் புகுந்து நடக்கவே ஒரு மணி நேரம் போய்விடும். மிச்சம் அரைமணி. அதை 24-ஆல் வகுத்தால் ஓர் இடத்துக்கு ஒன்றேகால் நிமிடம். ஒலிப்பதிவோ ஒவ்வொன்றும் மூன்று நிமிடம் ஓடுகிறது. ஒருமுறையாவது நடந்து பார்த்தவர் இப்படிக் கணக்குப் போடமாட்டார். மேசையில் உட்கார்ந்து வரைபடத்தில் கோடு இழுத்தவர் போடும் கணக்கு இது.

முதல் நிறுத்தமே வெடிமருந்துக் கோபுரம். பலகையில் 'ப்ராஷ்னா ப்ரானா' என்று இருக்கும். "எதிரே தெரிவது 1475-இல் செதுக்கிய கோதிக் சிற்பங்கள், கண்குளிரப் பாருங்கள்" என்கிறது குரல். 1475-இல் கட்டத் தொடங்கியது உண்மை, மாத்தேய் ரெய்செக் என்ற கைவினைஞர் பெயரும் சரி. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற வெளி அலங்காரத்தில் பெரும்பகுதியும் மேலே உள்ள கூம்புக் கூரையும் யோசெஃப் மோக்கர் என்ற கட்டடக்கலைஞர் 1878-லிருந்து 1886 வரை செய்த புதுப்பிப்பு வேலை. கோதிக் என்ற இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணியை 19-ஆம் நூற்றாண்டில் திரும்பச் செய்தது. அதுவும் அழகுதான், குறை ஒன்றும் இல்லை. ஆனால் கட்டடக்கலை பார்க்கவென்றே காசு கொடுத்தவனிடம் இந்த வித்தியாசத்தை மறைப்பது, பட்டு என்று சொல்லி ஆர்ட் சில்க் விற்பது மாதிரி.

இதே தவறு கோட்டைக்குள் இன்னும் பெரிதாக வருகிறது. புனித வீட்டஸ் பேராலயத்தின் மேற்கு முகப்பில், இரட்டைக் கோபுரங்களுக்கு எதிரே நிறுத்தி, "பீட்டர் பார்லரின் 14-ஆம் நூற்றாண்டுக் கைவண்ணம்" என்கிறது. அந்த முகப்பில் பார்லர் கைபட்டது எதுவும் இல்லை. 1344-இல் அர்ராஸ் ஊர் மத்தியாஸ் தொடங்கி, அவருக்குப் பின் பார்லர் தொடர்ந்த வேலை கிழக்குப் பாதியோடு நின்றுபோனது. மேற்குப் பாதி 1873-லிருந்து மோக்கரும், அவர் இறந்தபின் கமில் ஹில்பெர்ட்டும் கட்டியது. முடிந்தது 1929-இல். உள்ளே வடபக்கச் சிற்றாலயம் ஒன்றில் அல்ஃபோன்ஸ் மூக்காவின் வண்ணக்கண்ணாடி இருக்கிறது. அதையும் "இடைக்கால ஜன்னல்" பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அது 1930-களின் தொடக்கத்தில் வைத்தது.

பார்லரை உண்மையிலேயே பார்க்க வேண்டுமானால் முகப்பில் நிற்காமல் வலப்புறம் திரும்பிப் பேராலயத்தின் தென்பக்கத்துக்குப் போங்கள். தெற்கு வாசலான தங்க வாசல் அங்கே. மூன்று வளைவுகளுக்கு மேலே 1370-71-இல் பதித்த இறுதித் தீர்ப்புக் காட்சி, கண்ணாடித் துண்டுகளால் ஆன மொசைக். பக்கத்தில் பெரிய தெற்குக் கோபுரம். அடிப்பகுதி கோதிக், குமிழ் போன்ற கூரையோடு உச்சிப் பகுதி பிற்காலத்தது. இரண்டும் சேருமிடத்தை வெறுங்கண்ணாலேயே பிரித்துச் சொல்லலாம். இன்னும் நடந்து புனித ஜார்ஜ் சதுக்கத்துக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால், சுவரைத் தாங்கும் பறக்கும் முட்டுகள் விசிறி போல விரிந்திருக்கும். இந்த இரண்டு இடத்துக்கும் அந்த வழிகாட்டியில் ஒரு வரிகூடக் கிடையாது.

ஆகவே முதல் சோதனை: வாங்கும் முன் இலவசமாகத் தரும் மாதிரிப் பக்கத்தில் மோக்கர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதியவருக்குக் கல் எது, ஒட்டு எது என்று தெரியாது.

இரண்டாவது, படங்களில் பழைய நகரச் சதுக்கத்தைப் பாருங்கள். அங்கே மரியாள் தூண் ஒன்று உயரமாக நிற்க வேண்டும். 1918 நவம்பரில் கூட்டம் இழுத்துத் தள்ளிய தூண் அது, 2020-இல் மறுபடி நிறுத்தினார்கள். படத்தில் சதுக்கம் வெறுமையாக இருந்தால் படமும் பெரும்பாலும் எழுத்தும் அதற்கு முந்தியவை, "இவ்வாண்டு புதுப்பித்தது" என்று மேலே எழுதியிருந்தாலும் சரி.

மூன்றாவது, புனித நிக்கலஸ் தேவாலயம். பிராகில் அந்தப் பெயரில் புகழ்பெற்ற பரோக் (கோதிக்குக்குப் பிந்திய, அலங்காரம் மிகுந்த பாணி) தேவாலயங்கள் இரண்டு. ஒன்று பழைய நகரச் சதுக்கத்தின் மூலையில், வெள்ளை முகப்போடு, 1730-களில் கிலியான் இக்னாஸ் டீன்ட்சன்ஹோஃபர் கட்டியது. மற்றொன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாலா ஸ்த்ரானாவில், பெரிய பச்சைக் குவிமாடத்தோடு. அதை அவர் அப்பா கிறிஸ்டோஃப் தொடங்கினார், மகன் தொடர்ந்தார், மணிக்கூண்டை அன்செல்மோ லுராகோ முடித்தார். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரும் வில்தவா ஆறும் இருக்கின்றன. வழிகாட்டி சதுக்கத்தில் நிற்கும்போது மாலா ஸ்த்ரானா கதையைச் சொல்கிறது: மோட்சார்ட் வாசித்த ஆர்கன், கூரை ஓவியம், ஏறிப் பார்க்க மணிக்கூண்டு. சதுக்கத்தில் மணிக்கூண்டு வாசலைத் தேடி இரண்டு சுற்றுச் சுற்றலாம், கிடைக்காது. காரணம் எளிது. வரைபடத்தில் பெயரைத் தட்டி முதலில் வந்த புள்ளியை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். மாலா ஸ்த்ரானா தேவாலயத்துக்குள் போகவும் அதன் மணிக்கூண்டில் ஏறவும் வாசலும் சீட்டும் தனித்தனி என்பதையும் சொல்லவில்லை.

இதில் தானியங்கி ஒலி வேறு. இடத்துக்கு வந்ததும் ஜிபிஎஸ் பார்த்துத் தானே பேசும் என்கிறார்கள். செலெட்னா மாதிரிக் குறுகலான தெருவில் இருபக்கமும் உயர்ந்த சுவர், சமிக்ஞை சுவரில் மோதித் தெறித்து வருவதால் புள்ளி இருபது, முப்பது மீட்டர் தாவும். அடுத்த தெருவின் கதை காதில் விழும். தானியங்கியை அணைத்துவிட்டு எண்ணைத் தட்டிக் கேட்பதே நல்லது. எண்ணைத் தட்டிக் கேட்கும் வசதியே இல்லாத செயலியை வாங்காதீர்கள்.

அந்தச் செலெட்னா தெருவிலேயே அது செய்த பெரிய பாவம் ஒன்று. பழச்சந்தை என்ற 'ஒவோட்ஸ்னி டர்ஹ்' முனையில் கறுப்பு மாதா இல்லம் நிற்கிறது. யோசெஃப் கோச்சார் 1911-12-இல் கட்டியது. உருவங்களைக் கோணங்களாக உடைத்துக் காட்டும் க்யூபிசத்தை ஓவியத்தில் கேள்விப்பட்டவர் பலர். அதே பாணியில் வீடு கட்டியது செக் நாட்டுக்கே உரிய கூத்து. வழிகாட்டி இதை "முதல் மாடியில் காபிக்கடை உண்டு" என்று ஒரே வரியில் தாண்டுகிறது. நீங்கள் தாண்டாதீர்கள். முனையில் கம்பிக் கூண்டுக்குள் இருக்கும் கறுப்பு மாதா சிலையை முதலில் பாருங்கள், அது முன்பு அங்கே இருந்த பரோக் வீட்டின் அடையாளம். பிறகு கூரை ஜன்னல்கள்: பட்டை தீட்டிய படிகம் மாதிரி மடிந்து மடிந்து இருக்கும். பிறகு உள்ளே படிக்கட்டு. கீழே நின்று நடுவிலுள்ள வெற்றிடத்தை அண்ணாந்து பார்த்தால் மின்விளக்குக் குமிழ் வடிவம் தெரியும். இந்த ஒரு கட்டடத்துக்கு மட்டும் இருபது நிமிடம் தாராளமாகக் கொடுக்கலாம். நேரம் இருந்தால் யுங்மான் சதுக்கத்தில், பனிமாதா தேவாலயத்தை ஒட்டிய மூலையில் ஒற்றையாக நிற்கும் க்யூபிச விளக்குக் கம்பத்தையும் பார்த்துவிடுங்கள். எமில் க்ராலீச்செக் வரைந்தது. 24 இடங்களில் அதற்கு இடமில்லை.

பழைய நகரமன்றச் சுவரிலுள்ள வானியல் கடிகாரத்துக்கு வந்தால் கண்ணைக் குத்திய கதை வந்தே தீரும். ஹனுஷ் என்ற கலைஞர் செய்தார், வேறெங்கும் இப்படிச் செய்யாதிருக்க அவர் கண்ணைப் பறித்தார்கள் என்பது. கடிகாரம் 1410-இல் கடான் ஊர் மிகுலாஷ் செய்தது, வானியல் கணக்கு யான் ஷிந்தெலுடையது என்பதே இன்று ஏற்றுக்கொண்டது. மேலே வந்துபோகும் அப்போஸ்தலர் பொம்மைகளும் பழையவை அல்ல. 1945 மே மாதம் நகரமன்றம் எரிந்தபோது பழைய பொம்மைகள் போய்விட்டன, இப்போதிருப்பவை அதன்பிறகு செதுக்கியவை. காட்சி ஒரு நிமிடம்கூட நீடிக்காது. எல்லோரும் அண்ணாந்து கைபேசியைத் தூக்கிப் பிடிக்கும் நேரம் என்பதால் பின்பாக்கெட் பத்திரம்.

சார்லஸ் பாலத்தில் "முப்பது மூலச் சிலைகள்" என்கிறது. முப்பது சரி, மூலம் சரியல்ல. மணற்கல் சிலைகளில் பெரும்பாலானவை நகல்கள், மூலங்களைப் பாதுகாப்பாக உள்ளே வைத்துவிட்டார்கள். 1683-இல் வைத்த, நெபோமுக் யான் என்ற புனிதரின் வெண்கலச் சிலைதான் குறிப்பிட்டுப் பார்க்க வேண்டிய மூலம். 1357 ஜூலை 9, காலை 5:31 என்று நிமிடத்தோடு அடிக்கல் நேரம் சொல்வார்கள். 1-3-5-7-9-7-5-3-1 என்று எண்கள் அழகாக வருவதால் பிறந்த ஊகம் அது. ஆண்டை மட்டும் நம்பலாம்.

காசு பறிபோகும் இடம் ஒன்று வழிகாட்டிக்குள்ளேயே இருக்கிறது. நடுவழியில் "கமிஷன் இல்லாத நாணயமாற்றுக் கடை" என்று ஒரு நிறுத்தம். கமிஷன் பூஜ்யம்தான், ஆனால் விலையில் கை வைத்திருப்பார்கள். ஒரு யூரோவுக்கு 24 கொருனா (செக் நாணயம்) கிடைக்கும் நாளில் 19 கொடுத்தால் நூறு யூரோவுக்கு 500 கொருனா போச்சு. மாற்றும் முன் "நூறு யூரோ கொடுத்தால் கையில் எவ்வளவு?" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால் அடங்கிப் போக வேண்டாம். 2019 ஏப்ரலிலிருந்து, 1,000 யூரோ வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் அதே கடையில் ரத்து செய்யும் உரிமை சட்டப்படி உண்டு, காரணம் சொல்லத் தேவையில்லை. ரசீது கையில் இருக்க வேண்டும். தெருவில் அணுகி நல்ல விலை சொல்பவரிடம் வாங்கவே கூடாது, மதிப்பில்லாத வேற்று நாட்டுத் தாளைத் திணிப்பதுண்டு. 100 கொருனா தாளில் இருப்பது பாலம் கட்டிய நான்காம் சார்லஸ் முகம், அதை மனதில் வையுங்கள். ஏடிஎம் "உங்கள் நாணயத்திலேயே கழிக்கவா?" என்று கேட்டால் வேண்டாம், கொருனாவிலேயே கழி என்று அழுத்துங்கள். சதுக்கத்தில் அனலில் சுழலும் பன்றித் தொடைக்கறிக்குப் பலகையில் போட்டிருக்கும் விலை 100 கிராமுக்கு, வெட்டுவது அவர் இஷ்டம். எத்தனை கிராம் என்று முதலில் சொல்லிவிட்டுத் தட்டைக் கையில் வாங்குங்கள்.

நடைப்பாதையையே திருப்பிப் போட்டால் கால் பிழைக்கும். விடிந்ததும் பாலத்தில் நில்லுங்கள், ஆறரை மணிக்குச் சிலைகள் உங்களுக்கு மட்டும்தான். கடந்து மாலா ஸ்த்ரானா சதுக்கத்தில் 22-ஆம் எண் டிராம், பீலா ஹோரா என்று முகப்பில் போட்டிருக்கும் திசையில். முன்கூட்டி எடுத்த தாள் சீட்டு மட்டும் போதாது, மஞ்சள் பெட்டியில் செருகி முத்திரை பதிக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். போஹொர்ஷெலெட்ஸ் நிறுத்தத்தில் இறங்கினால் கோட்டை வரை இறக்கம்தான். ராஜபாதை வெடிமருந்துக் கோபுரத்திலிருந்து ஏறிப் போவது என்று மரபு பேசுவார்கள். ராஜாவுக்குக் குதிரை இருந்தது. கோட்டை முற்றங்கள் காலை 6 மணிக்கே திறந்துவிடும், காசில்லை. உள்கட்டடங்கள் 9 மணிக்கு. பேராலயத்தில் ஞாயிறு காலை வழிபாடு, பார்வையாளரை நண்பகலுக்குப் பிறகே விடுவார்கள். வழிகாட்டியோடு சேர்த்து விற்கும் "வரிசை இல்லாச் சீட்டு" சீட்டுக்கவுன்டர் வரிசையை மட்டும் தவிர்க்கும். பைச் சோதனை வரிசையும் பேராலய வாசல் வரிசையும் எல்லோருக்கும் ஒன்றே.

வாங்கியாகிவிட்டது, காசைத் திரும்பக் கேட்க வேண்டும் என்பவர்களுக்கு: ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கியதை 14 நாளில் திருப்பும் உரிமை உண்டு என்றாலும், "உடனே பதிவிறக்கத் தொடங்கச் சம்மதம், திருப்பும் உரிமையை விடுகிறேன்" என்ற கட்டத்தில் டிக் போட்டுத் தரவிறக்கியிருந்தால் அது போய்விடும். அதனால் "பிடிக்கவில்லை" என்று எழுதாதீர்கள். "விவரித்தபடி இல்லை" என்று எழுதுங்கள், அதற்கு டிஜிட்டல் சரக்குக்கும் தனி உரிமை இருக்கிறது. விற்பனைப் பக்கத்தின் திரைப்பிடிப்பை இப்போதே எடுத்து வையுங்கள், பிறகு மாற்றிவிடுவார்கள். பதில் வராவிட்டால் அட்டை கொடுத்த வங்கியிடம் அதே சான்றுகளோடு முறையிடலாம். அஞ்சலில் இணைக்க இரண்டு படம் போதும்: சதுக்கத்து நிக்கலஸ் ஒன்று, மாலா ஸ்த்ரானா நிக்கலஸ் ஒன்று, கீழே அவர்களுடைய ஒலிப்பதிவின் எண்.