போனை சர்வீசுக்குக் கொடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

சார்ஜிங் பின் ஆடுகிறது என்று போனை சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். பதினான்கு மாத எஸ்எம்எஸ் மொத்தமும் போய்விட்டது. உங்களில் ஒருவருக்காவது இது நடக்காமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

திருச்சிக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தேன். மேஸ்திரி வைத்திருப்பது பட்டன் போன், வாட்ஸ்அப் கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் வாரக் கூலியை ரொக்கமாகக் கொடுப்பேன். ராத்திரி அவர் மகள் அந்தப் போனிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பிவிடுவாள். ‘சார் 20000 வந்துச்சு. 6 கொத்தனார் 4 சித்தாள். திங்கள் லிண்டல் போடணும்னு அப்பா சொல்றாங்க.’ இதுதான் எங்களுக்கு ரசீது. தனியாக நோட்டு எதுவும் நான் போடவில்லை.

கம்பெனியே அங்கீகரித்த சென்டர் என்று நம்பித்தான் போனேன். “டேட்டா ஏதும் போயிடாதே?” என்று இரண்டு தடவை கேட்டேன். “பின் மாத்துற வேலைதான் சார், ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிவிட்டு, கவுன்டரில் இருந்த தம்பி ஜாப் ஷீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். சாயங்காலம் கைக்கு வந்த போன், கடையிலிருந்து புதிதாக எடுத்தது போல ‘மொழியைத் தேர்வுசெய்க’ என்று நின்றது. பின்னை மாற்றியும் சார்ஜ் ஏறவில்லையாம், சாஃப்ட்வேரைப் புதிதாக ஏற்றினார்களாம். ஜாப் ஷீட்டில் என் மனைவியின் நம்பர் இருந்தது. அழிக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதைச் சொன்னதற்கு, நான் கையெழுத்துப் போட்ட தாளைத் திருப்பிக் காட்டினார்கள். டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி.

வீட்டுக்கு வந்து என் கூகுள் கணக்கைப் போட்டதும் படங்கள் கூகுள் போட்டோஸிலிருந்து வந்தன. நம்பர்கள் ஜிமெயிலிலிருந்து வந்தன. வாட்ஸ்அப்பும் வந்தது. எல்லாம் தப்பித்தது என்று மூன்று நாள் நிம்மதியாக இருந்தேன். அப்புறம் மேஸ்திரி கணக்கைப் பார்க்கலாம் என்று திறந்தால் மெசேஜ் பெட்டி காலி. இங்கேதான் நிறைய பேர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். படத்துக்கு ஒரு பேக்கப், வாட்ஸ்அப்புக்கு ஒரு பேக்கப், எஸ்எம்எஸ்ஸுக்கு வேறொரு பேக்கப். ஒன்று ஓடுகிறது என்பதால் இன்னொன்றும் ஓடுகிறது என்று அர்த்தமில்லை. என் போனில் மூன்றாவது மட்டும் அணைந்து கிடந்திருக்கிறது.

அடுத்த ஏமாற்று, அழிந்த டேட்டாவை மீட்டுத் தருகிறோம் என்று போர்டு வைத்திருந்த கடையில். 3,500 ரூபாய் முன்பணம். லேப்டாப்பில் ஏதோ ஓடவிட்டு, நூற்றுக்கணக்கான கோப்புகள் கிடைத்திருப்பதாகக் காட்டினார்கள். பென் டிரைவை வீட்டில் போட்டுப் பார்த்தால் ரிங்டோனும் வாட்ஸ்அப் ஸ்டிக்கரும்தான். பிறகு விவரம் தெரிந்த ஒருவர் விளக்கினார். ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்களிலிருந்து, உள்ளே இருப்பதெல்லாம் என்கிரிப்ட் செய்யப்பட்டே, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டே இருக்க வேண்டும் என்பது கட்டாயம். ரீசெட் செய்யும்போது அந்தப் பூட்டின் சாவியே அழிந்துபோகிறது. சாவி போனபின் எந்த சாஃப்ட்வேராலும் அதைத் திறக்க முடியாது. கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தேதான் காசு வாங்கியிருக்கிறார். சிம் கம்பெனியையும் கேட்டேன், மெசேஜில் என்ன எழுதியிருந்தது என்பது எங்களிடம் இருக்காது என்றார்கள்.

சரி, இன்றைக்கே செய்ய வேண்டியது. செட்டிங்ஸில் கூகுள் என்ற பகுதிக்குள் பேக்கப் இருக்கும். அதில் எஸ்எம்எஸ் சேர்ந்திருக்கிறதா, கடைசியாக எந்தத் தேதியில் ஏறியது என்று பாருங்கள். தேதி பழையதாக இருந்தால் அங்கேயே ‘இப்போது பேக்கப் எடு’ என்ற பொத்தான் உண்டு. அந்தப் போனை 57 நாள் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் கூகுள் அந்த பேக்கப்பை நீக்கிவிடும். திரும்ப எடுப்பதும் பெரும்பாலும் போனை முதன்முதலில் அமைக்கும்போதுதான், அவசரத்தில் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிடாதீர்கள். ஐபோன்காரர்களுக்கு ஐகிளவுடில் இலவச இடம் 5 ஜிபிதான், நிறைந்தால் பேக்கப் நின்றுவிடும். பணம் சம்பந்தப்பட்ட மெசேஜ் என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மெயிலுக்கு அனுப்பி வையுங்கள், நான் இதை மட்டும் செய்திருந்தால்கூடப் போதும். எஸ்எம்எஸ்ஸைக் கோப்பாக எடுத்துத் தரும் ஆப்களும் இருக்கின்றன. ஆனால் ஓடிபியும் எஸ்எம்எஸ்ஸில்தான் வருகிறது, கண்ட ஆப்புக்கும் அந்த அனுமதியைக் கொடுத்துவிடக் கூடாது. சர்வீசுக்குக் கொடுக்கும்போது ‘கேட்காமல் டேட்டாவை அழிக்கக் கூடாது’ என்று ஜாப் ஷீட்டில் உங்கள் கையாலேயே எழுதி, அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வேலை முடிந்து கணக்குப் பார்த்தபோது 38,000 ரூபாய் உதைத்தது. மேஸ்திரியின் மனைவிக்கு ஆபரேஷன் நடந்த சமயம், இரண்டு சனிக்கிழமைக் கூலியை அவர் நோட்டில் ஏற்றவில்லை. அந்த இரண்டு மெசேஜும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவருடைய போனில் நினைவகம் நிறைந்து பழையதையெல்லாம் எப்போதோ அழித்திருக்கிறார்கள். பொய் சொல்கிற மனிதர் இல்லை அவர். நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, “நான் வாங்கிட்டு இல்லன்னு சொல்றேன்னு நினைக்கிறீங்களா சார்?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்ததில், பின் மாற்றிய 650 ரூபாய் மட்டும் திரும்பி வந்தது. போன மாதம் மொட்டைமாடித் தளம் போட மேஸ்திரியைக் கூப்பிட்டேன். வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.