பந்திங்கில் கடலோர ஆய்வுத் திறந்த நாள்: போகலாமா?

ஐந்துக்கு மூன்றரை. முதலிலேயே சொல்லிவிட்டேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பந்திங் கடைத்தெருவில் எனக்குத் தையல் கடை. தீபாவளிக்கு முந்தின மாதம், ரவிக்கை வேலை தலைக்கு மேல் கிடந்த ஒரு மதியம், ஒரு பெண்பிள்ளை வந்து கண்ணாடிக் கதவில் நோட்டீஸ் ஒட்டலாமா என்று கேட்டாள். ஒரு பல்கலைக்கழகத்தின் கடலோர ஆராய்ச்சிக் குழுவாம். சனிக்கிழமை மண்டபத்தில் கண்காட்சி, பிறகு பஸ்ஸில் மோரிப் கடற்கரைப் பக்கம் கூட்டிப்போய்ச் சேற்றில் நடை, திரும்பி வந்து சாப்பாடு. எல்லாம் இலவசம்.

"எங்களுக்கும் கடலுக்கும் என்னம்மா? நாங்க தோட்டத்து ஆளுங்க," என்றேன்.

"எந்தத் தோட்டம் ஆன்ட்டி?"

சொன்னேன். சிரித்துவிட்டாள். "பண்டு உடைஞ்சா உங்க லயத்துல முட்டிக்கு மேல கடல் நிக்கும். நீங்க கடலோரத்து ஆளுங்கதான் ஆன்ட்டி."

ஐம்பத்தாறு வயதில் எனக்கு இது புதுச் செய்தி. அப்பாவுக்கு இல்லை. எங்கள் தோட்டத்தில் இருபத்தெட்டு வருஷம் தண்ணிக் கேட்டுப் பார்த்தவர் அவர்.

தெரியாதவர்களுக்காக: கோலலங்காட் கரையோரத் தோட்டங்கள் பல, பக்காவ் என்னும் கண்டல் மரக் காட்டை வெட்டி, கடலுக்குக் குறுக்கே மண்மேடு போட்டு எடுத்த நிலம். அந்த மேட்டைத்தான் பண்டு என்போம். பண்டில் ஆங்காங்கே கதவு வைத்த மதகு இருக்கும். கடல் வற்றும்போது உள்ளே தேங்கிய மழைத் தண்ணீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும். கடல் ஏறும்போது அதே கடல் கதவை அழுத்திச் சாத்திவிடும். கதவிடுக்கில் ஒரு செம்பனை மட்டை சிக்கினால் போதும், உப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். அதைப் பார்ப்பதுதான் அப்பா வேலை. நாளுக்கு இரண்டு பெருக்கு, ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். அதனால் அப்பா எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார் என்பதை அம்மா நாள்காட்டியில் அமாவாசை பார்த்துத்தான் சொல்வார்.

சரி, கண்காட்சிக்கு வருகிறேன். அப்பாவையும் பேத்தியையும் கூட்டிப் போயிருந்தேன். மேசைகள் ஆறேழு இருந்தன. ரெடாங் தீவு ஆமை, பினாங்கு முக்கா ஹெட்டில் இருக்கும் கடலாய்வு நிலையம் என்று படங்கள். அவற்றை நான் சும்மா கடந்து போனேன். நின்றது அலைத்தொட்டியில். ஆளுயர நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி, ஒரு முனையில் பலகையை ஆட்டினால் அலை வருகிறது. மறுமுனையில் களிமண்ணில் சாத்தே குச்சிகளை நெருக்கமாக நட்டிருந்தார்கள். குச்சிகளுக்கு முன்னால் குதித்த தண்ணீர், பின்னால் வெறும் நெளிவாகப் போனது. குச்சிகளைப் பிடுங்கிவிட்டு அதே அலையை விட்டார்கள். களிமண் கரை எங்கள் கண்முன் சரிந்தது. மலேசியக் கரையில் ஏறக்குறைய 29 விழுக்காடு அரிக்கப்படுகிறது என்று 1980களின் நடுவில் நடந்த தேசிய ஆய்வு கணக்கிட்டதாம். அந்த எண்ணைவிட அந்தக் குச்சிகள்தான் எனக்குப் புரிந்தன. என் பேத்தியை அங்கிருந்து இழுத்து வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அடுத்த மேசையில் மரம் நடுவது பற்றி. படம் எடுப்பதற்காகச் சேற்றில் இறங்கி நடும் கன்றுகளில் பல ஏன் சாகின்றன என்று ஒரு ஆய்வாளர் மலாயில் விளக்கிக்கொண்டிருந்தார். சேறு தாழ்வாக இருந்தால் கன்று நாளில் பாதி நேரத்துக்கு மேல் முழுகியே கிடக்கும், கொட்டலசு ஒட்டிக்கொள்ளும், அலை பிடுங்கும். அப்பா குறுக்கே புகுந்தார். "சேறு மேடேறினா அப்பி-அப்பி மரம் தானா வரும். அது வந்து மண்ணைப் பிடிச்ச பெறகுதான் பக்காவ். நீங்க நேரா பக்காவ நட்டா எப்படி நிக்கும்?" நோட்டீஸ் ஒட்ட வந்த பிள்ளை மொழிபெயர்த்தாள். ஆய்வாளர் அப்பாவுக்கு நாற்காலி போட்டார். பக்கத்தில் கேரித்தீவில் மலாயாப் பல்கலைக்கழகம் கல் அலைத்தடுப்பு போட்டு, சேறு படிய வைத்து, பிறகு மரம் வளர்க்கப் பார்த்த கதையை அவர் சொல்ல, அப்பா தலையாட்டினார்.

அன்றைய நாள் உண்மையில் தொடங்கியது அந்த நாற்காலியில்தான். பொறியாளர் வந்து கதவு எத்தனை அடி, எந்தப் பக்கம் சாய்வு என்று கேட்டார். உயிரியல் படித்தவர், கேட்டு வழியாக என்ன மீன் உள்ளே வரும் என்று கேட்டார். (சில இரவுகளில் கதவைக் கொஞ்சம் தூக்கி வைத்து இறால் பிடித்ததை அப்பா ஐம்பது வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் ஒப்புக்கொண்டார்.) மண் ஆய்வாளர் கேட்டபோது, தண்ணீரை முழுக்க வடிய விடமாட்டோம், விட்டால் அடிமண் புளித்துவிடும், பாரிட் (வாய்க்கால்) தண்ணீர் துரு நிறமாகும் என்றார். அதற்குக் கந்தக அமில மண் என்று பெயராம். சமூகவியல் அம்மாள் ஒருவர், கதவை எப்போது திறப்பது என்று யார் முடிவு செய்வார் என்றார்.

"தொரை சொல்லுவாரு. கடலு தொரை பேச்சக் கேக்காது," என்றார் அப்பா.

ஒரே கேட்டு, நாலு பேருக்கு நாலு விதமாகத் தெரிந்தது. பல துறை சேர்ந்த ஆய்வு என்று நோட்டீஸில் போட்டிருந்ததன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

பிறகு அப்பா சட்டைப்பையிலிருந்து 555 என்ற சின்னக் கணக்கு நோட்டை எடுத்தார். வீட்டில் இப்படிப் பத்துப் பதினைந்து உண்டு. 1971 ஜனவரி வெள்ளத்தில் தொடங்கி, ஒவ்வொரு பெரிய பெருக்குக்கும் மதகுப் பலகையில் தண்ணீர் எத்தனை அடி ஏறியது என்று பென்சிலில் எழுதியிருப்பார். போர்ட் கிள்ளானில் இப்போதுள்ள கடல்மட்ட அளவுமானி 1980களில் வந்தது, அதற்கு முந்தைய கணக்கு இது என்று அந்தப் பிள்ளைக்குக் குரலே மாறிவிட்டது. "தாத்தா, ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துக்கட்டுமா?" எடுத்தார்கள். ஆய்வில் சேர்த்து, முடிவைக் கொண்டுவந்து காட்டுவதாகச் சொன்னார்கள்.

இனி குறைகள். பலகையில் இருந்ததெல்லாம் மலாயும் ஆங்கிலமும்தான். தமிழில் ஒரு வரி இல்லை. வந்தவர்களில் பாதிப் பேர் தோட்டத்திலிருந்து வந்த கிழவிகள். நாலு பக்கக் கேள்வித்தாள் கொடுத்தார்கள். முதல் கேள்வி: நீங்கள் மீன் பிடிப்பவரா? இல்லை என்றால் நேராக நாலாம் பக்கம் போ. அங்கே வயது, வருமானம், கையெழுத்து, அவ்வளவுதான். கடல் பெருக்கு மட்டத்துக்குக் கீழே குடியிருந்தவர்களிடம் கேட்க மூன்று பக்கத்தில் ஒன்றுமே இல்லை. சமூகவியல் அம்மாள் மட்டும் தாளைத் திருப்பி, அப்பா சொன்னதை வெற்றுப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

பஸ் பன்னிரண்டே காலுக்கு என்றார்கள். வந்தது ஒன்று நாற்பதுக்கு. அமாவாசைக்கு மறுநாள். இந்தக் கரையில் அப்போது ஏற்ற இறக்கம் நாலு மீட்டரை ஒட்டி இருக்கும், கடல் வருவது கண்ணுக்குத் தெரியும். ஒரு மணிக்கே அப்பா, "இனிமே போனா தண்ணிதான்," என்றார். கடலை ஆராய்கிற குழு, கடல் நேரத்தைக் கோட்டைவிட்டது. சேற்றில் இருபது நிமிடம்தான் கிடைத்தது. அதற்குள் பெலாச்சாக் மீன் தத்துவதையும், ஒற்றைக் கொடுக்கை ஆட்டும் நண்டையும் பேத்தி பார்த்துவிட்டாள். நான் முழங்கால்வரை புதைந்து ஒரு செருப்பை விட்டுவிட்டு வந்தேன். 1945 செப்டம்பர் 9-ஆம் தேதி பிரிட்டிஷ் படை மோரிப்பில் இறங்கியபோது வண்டிகளே இந்தச் சேற்றில் சிக்கின, செருப்பு எம்மாத்திரம் என்று அப்பா ஆறுதல் சொன்னார்.

சாப்பாடு அருமை. நாசி லெமாக், கேராங் (சிப்பி) சம்பல். கேராங் ரத்தம் சிவப்பாக இருப்பதற்கு நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் போன்றதே காரணம் என்று சாப்பிடும்போது ஒருவர் விளக்கினார். சிலர் தட்டைத் தள்ளி வைத்தார்கள். நான் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன்.

இதெல்லாம் நடந்து ஏழு மாதம் ஆகிறது. அந்தப் பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு முறை கேட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. பாவம், படிப்பு முடிந்திருக்கலாம். குழுவிலிருந்து வேறு யாரும் வரவில்லை. அப்பா நோட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, சாமி மேடைக்குக் கீழே, எடுக்க வாகாக வைத்திருக்கிறார்.

மறுபடி நடத்தினால் போங்கள், பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். செருப்பு வேண்டாம், கயிறு கட்டிய பழைய சப்பாத்து போடுங்கள். பஸ் ஏறுமுன் அன்றைக்குத் தண்ணீர் எப்போது இறங்குகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கடைக்கு வாருங்கள், அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன்.